கலப்புமுறைக் கற்றல்: தென்கிழக்குக் கரையை முன்வைத்து ஒரு நோக்கு

கடந்த சில ஆண்டுகளாக இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பெரிதும் பேசப்படும் விடயங்களுள் ஒன்று கலப்புமுறைக் கற்றலாகும். ஒரு பாடநெறியின் ஒரு பகுதியை விரிவுரை மண்டபத்திலும் மறுபகுதியை இணையவழியிலும் நடத்துவதே இம்முறை எனப் பொதுவாக விளக்கப்படுகின்றது. பாடவிதானத் திருத்தங்களிலும் கருத்தரங்குகளிலும் இச்சொல் தாராளமாக இடம்பெறுகின்றது. ஆயின் எப்பகுதி எங்கே நடைபெறல் வேண்டும், அஃது ஏன் அங்கே நடைபெறல் வேண்டும் என்னும் வினாக்கள் அந்த அளவுக்கு எழுப்பப்படுவதில்லை. எத்தனை வீதம் திரையில், எத்தனை வீதம் மண்டபத்தில் என்ற கணக்கே முந்தி நிற்கின்றது. காரணத்தைத் தேடுமுன் வீதத்தை நிர்ணயிக்கும் இப்போக்கு எத்தகையது, அதனால் இழப்புக்குள்ளாவோர் யாவர் என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன. பொதுப்படப் பேசுவதைத் தவிர்க்கும் பொருட்டு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடர்ந்து செல்லும் அம்பாறைக் கரையோரமும், அக்கரையில் ஒலுவிலை மையமாகக் கொண்டு இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் களமாகக் கொள்ளப்படுகின்றன.

பெயரும் பொருளும்

கலப்புமுறை என்னும் ஒரே பெயரால் மூன்று வேறுபட்ட ஏற்பாடுகள் சுட்டப்படுகின்றன. முதலாவது, மண்டபத்தில் நிகழும் விரிவுரையை அதே வேளையில் இணையத்திலும் ஒளிபரப்பி, மாணவர் தாம் விரும்பிய இடத்திலிருந்து பங்குகொள்ள இடமளிப்பது. ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ அரச பல்கலைக்கழகத்திற் பிரையன் பீற்றி என்பார் 2006 அளவில் உருவாக்கிய ‘ஹைஃபிளெக்ஸ்’ முறை மாணவரின் இத்தெரிவுரிமையை அடிப்படையாகக் கொண்டதாகும். இரண்டாவது, விரிவுரைகளுட் சிலவற்றை மண்டபத்திலும் சிலவற்றைத் திரையிலுமாக மாறிமாறி நடத்துவது. மூன்றாவது, ஒரு பாடத்தைக் கற்பதில் அடங்கியுள்ள வேலைகளை வகைப்படுத்தி, தனித்திருந்து செய்யத்தக்கவற்றை இணையத்துக்கும் கூடியிருந்தே செய்யவேண்டியவற்றை வகுப்பறைக்கும் உரியனவாக்குவது.

முதலிரண்டும் இடத்தைப் பிரிக்கின்றன. மூன்றாவது வேலையைப் பிரிக்கின்றது. விரிவுரை விரிவுரையாகவே இருக்க, அதைக் கேட்கும் இடம் மாத்திரம் மாறுவதைக் கலப்பு என்பது பொருந்தாது. பாலையும் நீரையும் ஒரே கொள்கலத்தில் ஊற்றுவதும் கலப்பே; சுண்ணாம்பையும் மணலையும் அளவறிந்து சேர்த்துச் சாந்தாக்குவதும் கலப்பே. முன்னையதில் ஒன்று மற்றொன்றை நீர்த்துப்போகச் செய்கின்றது. பின்னையதில் ஒன்றாற் செய்ய இயலாததை மற்றொன்று செய்கின்றது. பாடநெறிகளில் எது நிகழ்கின்றது என்பதே வினா.

வீதக் கணக்கின் செல்வாக்கு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு, ‘ஸ்வயம்’ என்னும் அரச இணையத் தளத்தின் பாடங்களை ஒரு பருவத்தின் பாடங்களில் 20 வீதம் வரை ஏற்றுக்கொள்ளலாம் என 2016 இல் விதித்தது. 2021 இல் அவ்வெல்லையை 40 வீதமாக உயர்த்தியது. நிருவாகத்துக்கு எல்லை ஒன்று தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் எந்த வேலைக்கு எந்த இடம் பொருத்தம் என்பதை அவ்வெல்லை சொல்லாது. நாற்பது வீதம் நன்றாகவும் அமையலாம். பத்து வீதமே பாழாகவும் போகலாம்.

கரையின் கல்வி வரலாறு

தொலைவிலிருந்து கற்றல் இக்கரைக்குப் புதியதன்று. காரைதீவில் 1892 இற் பிறந்த சுவாமி விபுலானந்தர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுக்குத் தோற்றியே விஞ்ஞானப் பட்டம் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் சித்தியெய்தினார். பின்னர் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் அவரே. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இலேயே வெளிவாரித் தேர்வுமுறையைத் தொடக்கிவிட்டது. ஆயின் அம்முறை தேர்வை வழங்கியதேயன்றிக் கற்பித்தலை வழங்கவில்லை. பேராற்றலும் விடாமுயற்சியும் வாய்த்தோர் அதனூடாக உயர்ந்தனர். வாய்க்காதோர் எண்ணிக்கையிலும் சேராமல் நின்றுபோயினர். ஒரு விபுலானந்தரைக் காட்டி அம்முறை போதுமானது என வாதிடுதல் ஏற்புடையதன்று.

இக்குறையை நிறைவு செய்யும் முயற்சியாக 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தைக் கொள்ளலாம். அச்சிட்ட பாடநூல்களை மாணவர் கைக்கு அனுப்பி, குறித்த நாட்களிற் பிராந்திய நிலையங்களில் அவர்களை ஒன்றுகூட்டி வகுப்பு நடத்துவது அதன் வழக்கம். தனியே வாசித்து வந்த பின்னர் ஐயம் தெளிவதற்காகவே அவ்வகுப்புகள் வகுக்கப்பட்டன. இணையம் பரவுவதற்கு முன்பே வேலையைப் பிரிக்கும் கலப்புமுறை இந்நாட்டில் வடிவம் பெற்றுவிட்டது எனின் மிகையாகாது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தோற்றத்துக்கோ வேறொரு காரணம் உண்டு. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் நிலவிய போர்ச்சூழலில், யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் சென்று கற்பது முஸ்லிம் மாணவருக்கு இயலாததாயிற்று. 1990 இல் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையும் அதே ஆண்டிற் கிழக்கில் நிகழ்ந்த படுகொலைகளும் இதற்குப் பின்னணியாயின. எம்.எச்.எம். அஷ்ரஃப் மேற்கொண்ட முயற்சியின் பயனாக 1995 இல் அட்டாளைச்சேனையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், 1996 இற் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டு ஒலுவிலில் நிலைகொண்டது. மாணவர் செல்ல முடியாத இடத்திலிருந்த பல்கலைக்கழகத்தை அவர்கள் செல்லக்கூடிய இடத்துக்குக் கொண்டுவருதலே அதன் பிறப்பின் நோக்கமாயிற்று. மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்திற் கூடுதல் இங்கு எளிதிற் கிடைத்த வசதியன்று; இழப்புகளின் நடுவே பெறப்பட்ட உரிமையாகும். கலப்புமுறை பற்றி இக்கரையிற் பேசுவோர் இதனை மறந்து பேச இயலாது.

அதேவேளை, அண்மை என்பது எப்போதும் எட்டும் அண்மையாக இருப்பதில்லை. ஒலுவிலுக்கும் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்துள்ள சம்மாந்துறைக்கும் இடையிலான வழி, காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளியூடாக வெள்ளம் பாயும் வயல்நிலத்தைக் கடந்து செல்கின்றது. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது அப்பாதையிலேயே உழவு இயந்திரம் புரண்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர் உயிரிழந்தனர். கற்கச் சென்று வரும் வழியும் ஓர் இடர் என்பதை இதனிலும் துயரமாக உணர்த்த வேறொன்றும் வேண்டியதில்லை. ஆகவே, இணையம் வேண்டாம் என ஒரேயடியாக மறுப்பதும் இக்கரையின் நிலைமையை அறியாதோர் கூற்றேயாகும்.

நெருக்கடிக்காலம் கற்பித்தது

2020 மார்ச் மாதத்திற் கொவிட் தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் சில கிழமைகளுக்குள் திரைக்கு மாற்றப்பட்டன. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பினூடாக ஸூம் வசதி வழங்கப்பட்டது. பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களைக் கட்டணமின்றி அணுகுவதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுடன் சில மாதங்களுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அக்கரைப்பற்றுப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டவேளையில், கற்றல் முற்றாக அறுந்துபோகாது காத்தது இணையமே. 2022 இற் பொருளாதார நெருக்கடியால் எரிபொருள் இல்லாது பேருந்துகள் குறைந்தபோது பல்கலைக்கழகங்கள் மீண்டும் இணையத்தை நாடின. ஆயின் அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டிருந்தது என்பதையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும். சாலையில் எரிபொருள் இல்லாதபோது திரையை நம்பலாம். கம்பியில் மின்சாரம் இல்லாதபோது எதனை நம்புவது?

அக்காலத்து அனுபவத்தை வைத்துக் கலப்புமுறையை எடைபோடுதல் தவறு. அது கலப்புமுறையன்று, வேறு வழியின்மையாற் கைக்கொண்ட மாற்றீடு. வெள்ளத்தின்போது தோணியில் ஊர்வோர் தோணியே வீடெனக் கொள்வதில்லை. எனினும் அம்மாற்றீட்டின் பழக்கங்கள் நெருக்கடி தீர்ந்த பின்னரும் எஞ்சியுள்ளன என்பதே கவலைக்குரியது. இரண்டு மணித்தியாலம் இடைவிடாது பேசுதல், காட்சிச் சட்டகங்களை வாசித்தல், ஒளிப்படக்கருவியை நிறுத்தி மௌனமாயிருக்கும் பெயர்ப்பட்டியலை வருகையாகக் கொள்ளுதல் ஆகிய மூன்றும் நெருக்கடியிற் பொறுத்துக்கொள்ளப்பட்டவை. அவற்றை நிரந்தரமாக்கி அதற்குக் கலப்புமுறை என்று பெயரிட்டால், நோயாளியின் கஞ்சியை நாளாந்த உணவாக்கிய கதையாகும்.

வசதியின் ஏற்றத்தாழ்வும் அக்காலத்திலேயே வெளிப்பட்டது. மடிக்கணினி உடையவரும், ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீட்டினரும் பட்டியலில் ஒரே வகுப்பினராகக் கணிக்கப்பட்டனர். ஒரு மணித்தியாலக் காணொளி வகுப்பு சில நூறு மெகாபைற்றுத் தரவை விழுங்கவல்லது. அதே விரிவுரையின் ஒலிப்பதிவு சில பத்து மெகாபைற்றுக்குள் அடங்கும். எழுத்துக் குறிப்போ அதனினும் மிகச் சிறிது. ஆகவே காணொளியா, ஒலிப்பதிவா, எழுத்தா என்ற தெரிவு தொழினுட்பத் தெரிவு மாத்திரமன்று. எவரை உள்ளே விடுவது, எவரை வெளியே நிறுத்துவது என்ற தெரிவுமாகும்.

நேரக் கணக்கும் நன்னூல் நெறியும்

இலங்கையிற் பட்டநெறிகளின் சுமையை அளவிடுவதற்கு 2012 இல் நடைமுறைக்கு வந்து 2015 இல் திருத்தப்பட்ட தகைமைகள் சட்டகம் பயன்படுகின்றது. அதன்படி ‘கிரெடிட்’ என வழங்கும் மதிப்பலகு ஒன்று மாணவரின் ஐம்பது மணித்தியாலக் கற்றலுக்குச் சமமாகும். விரிவுரை வடிவிலான பாடத்தில் ஓரலகுக்குப் பதினைந்து மணித்தியால விரிவுரை என்பது வழக்கம். எனவே மூன்று அலகுகள் கொண்ட பாடமொன்று நூற்றைம்பது மணித்தியாலக் கற்றலை வேண்டி நிற்கின்றது. அதில் விரிவுரை நாற்பத்தைந்து. எஞ்சிய நூற்றைந்தும் வாசிப்பு, எழுத்து, கலந்துரையாடல், பயிற்சி, தேர்வு ஆகியவற்றுக்குரியன.

இனி நடைமுறையை நோக்குவோம். கலப்புமுறை பற்றிய விவாதம் ஏறக்குறைய முழுவதும் அந்த நாற்பத்தைந்து மணித்தியாலத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதிலேயே சுழல்கின்றது. மற்றைய நூற்றைந்து மணித்தியாலம் பற்றிப் பேசுவார் அரியர். தனியார் வகுப்புகளிற் குறிப்பெழுதி உயர்தரப் பரீட்சையைக் கடந்துவந்த மாணவனுக்கு அந்நேரம் இருப்பதே தெரிவதில்லை. தேர்வுக்கு முந்திய இரு கிழமைகளில் அது மொத்தமாகச் செலவிடப்படுகின்றது. இணையத்தின் உண்மையான பணி இங்கேதான் உள்ளது. விரிவுரையின் இடத்தை அது பிடிக்க வேண்டியதில்லை. எவரும் கவனியாதிருந்த நூற்றைந்து மணித்தியாலத்துக்கு ஒழுங்கும் துணையும் அளித்தலே அதற்குரிய வேலை.

இக்கருத்துக்கு மேனாட்டு ஆய்வுகளிலும் ஆதரவு உண்டு. கற்பிக்கும் ஊடகம் பண்டத்தைக் கொண்டுவரும் வண்டி போன்றதே. வண்டியை மாற்றுவதால் உணவின் போசாக்கு மாறுவதில்லை என்னும் பொருள்பட ரிச்சர்ட் கிளார்க் 1983 இல் வாதிட்டார். ஐக்கிய அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 2009 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இணையத்தையும் நேர்முகத்தையும் இணைத்த பாடங்களிற் கற்றோர் நேர்முகமாக மாத்திரம் கற்றோரிலும் ஓரளவு சிறந்து விளங்கினர் எனக் கண்டது. ஆயின் இணைத்துக் கற்றோர்க்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சிகளும் கிடைத்திருந்தன என்றும், ஆகவே அப்பயனை ஊடகத்துக்கே உரியதாகக் கொள்ளலாகாது என்றும் அவ்வாய்வே எச்சரித்தது. கலப்புமுறையை ஆதரிப்போர் முதற்பகுதியை எடுத்துக்காட்டுவர். பிற்பகுதியைச் சொல்லாது விடுவர்.

தமிழ் மரபு இதனை வேறு சொற்களில் முன்னரே கூறியுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் நன்கு உட்கொண்டாலும் அவன் பெறும் புலமை காற்பங்கே என்கின்றது. உடன்கற்போருடன் பயில்வதால் இன்னொரு காற்பங்கும், தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது அந்நூலின் கணக்கு. ஒருமுறை கேட்டதோடு நில்லாது இருமுறையும் மும்முறையும் கேட்டலின் பயனையும் அது எடுத்துரைக்கின்றது. நூற்றைம்பதில் நாற்பத்தைந்து என்னும் இன்றைய கணக்கும், ஆசிரியர்க்குக் காற்பங்கு என்னும் நன்னூற் கணக்கும் அண்ணளவாக ஒத்துநிற்பது கவனிக்கத்தக்கது.

இக்கரையின் குர்ஆன் மத்ரசாக்களிலும் இதே நெறியைக் காணலாம். நேற்று ஓதியதை உஸ்தாதின் முன்னிலையில் ஓதிக் காட்டித் திருத்தம் பெற்ற பின்னரே இன்றைய பாடம் தொடங்கும். கேட்டது கற்றதாகாது, திருப்பி ஓதியதே கற்றதாகும் என்பது அதன் அடிப்படை. மும்முறை கேட்டல் என்னும் நன்னூல் நெறிக்குப் பதிவுசெய்த விரிவுரையைப் போல் வாய்ப்பான கருவி முன்னர் இருந்ததில்லை. உடன்பயிலுதலுக்கும் ஓதிக் காட்டுதலுக்கும் வகுப்பறையைப் போல் வாய்ப்பான இடம் இன்னும் தோன்றவில்லை. இரண்டின் பணியும் இவ்வாறு தெளிவாகப் பிரிந்திருக்க, ஒன்றன் வேலையை மற்றொன்றின் தலையிற் சுமத்துவதே இன்றைய குழப்பமாகும்.

உதாரணமொன்று கூறலாம். கிழக்கிலங்கை நாட்டார் பாடல்கள் பற்றிய மூன்றலகுப் பாடம் ஒன்றைக் கொள்வோம். கிழமைக்கு மூன்று மணித்தியாலம் பாடல் வகைகளை விளக்கி உரையாற்றுவது பழைய முறை. அதில் ஒன்றைத் திரைக்கு மாற்றி அதே உரையை நிகழ்த்துவது இன்றைய கலப்பு. வேலையைப் பிரிக்கும் முறையிலோ, விளக்கவுரை சிறு ஒலிப்பதிவுகளாக முன்கூட்டியே மாணவரைச் சென்றடையும். மாணவி தன் உம்மம்மாவிடமோ அயலிலுள்ள மூதாட்டியிடமோ இசைவு பெற்று, கவியோ தாலாட்டோ ஒன்றைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து, எழுத்திற் பெயர்த்துக் கற்றல் தளத்திற் சேர்ப்பாள். வகுப்பு கூடும்போது மருதமுனைப் பாடலும் பொத்துவிற் பாடலும் அருகருகே வைத்து ஒப்பிடப்படும், ஒரு சொல் ஓரூரில் ஏன் மாறுகின்றது என மாணவர் வாதிடுவர், ஆசிரியர் திருத்துவார். அங்கே விரிவுரை குறைந்துள்ளது, கற்பித்தல் குறையவில்லை. விஞ்ஞான பாடங்களிலும் இவ்வாறே. நியமிப்புப் பரிசோதனையின் படிமுறையைத் திரையிற் பலமுறை பார்த்துவிட்டு வரலாம். துளித்துளியாக விட்டு நிறம் மாறும் கணத்தைக் கையும் கண்ணும் பிடிக்கப் பழகுவது ஆய்வுகூடத்திலேயே இயலும்.

மொழியின் பங்கு

இப்பிரச்சினையின் மற்றொரு பரிமாணம் மொழியாகும். இக்கரையின் மாணவருட் பெரும்பான்மையினர் பாடசாலையிற் தமிழ்மொழி மூலம் கற்றவர்கள். பல்கலைக்கழகத்திற் பல பீடங்கள் ஆங்கிலத்தை மொழிமூலமாகக் கொண்டுள்ளன. விரிவுரை மண்டபத்தில் இவ்விடைவெளியை நிரப்புவது சட்டதிட்டமன்று, ஆசிரியரின் பார்வை. ஆங்கிலத்தில் ஒரு கோட்பாட்டைச் சொல்லி, முன்வரிசையின் முகங்களைப் பார்த்து, விளங்கவில்லை எனக் கண்டதும் வயலையோ கடலையோ உவமையாக்கித் தமிழில் இரண்டு வசனம் சேர்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அவ்விரு வசனங்களே பாடத்தின் உயிர். முகம் தெரியாத திரையில் அவ்வசனங்கள் பிறப்பதில்லை. இணையத்தில் ஏற்றப்படும் காட்சிச் சட்டகங்களில் ஆங்கிலம் மாத்திரம் எஞ்சுகின்றது.

இதற்குப் பரிகாரம் இணையத்தை விலக்குவதன்று. அவ்விரு வசனங்களையும் இணையத்துக்குரியதாக்குவதே. ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழில் ஒரு சிறு விளக்கவுரை, கலைச்சொற்களின் பட்டியல், மாணவர் வழமையாக இடறும் இடங்களின் குறிப்பு ஆகியவை கற்றல் தளத்தில் இருப்பின், ஆங்கிலத்துக்கு மாறும் மாணவருக்கு அதனிற் பெரிய உதவி பிறிதில்லை. இத்துறையில் தமிழ் முற்றிலும் வறியதன்று. 2001 இற் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பாடங்களை இணையத்தில் தமிழில் தருவதற்கு வழிகாட்டியது. 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் இணைய ஆவணத்தளம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பெருந்தொகையாகத் திரட்டி வைத்துள்ளது. ஊரில் நூற்கடை ஒன்றிலும் கிடையாத பழைய சஞ்சிகையை, கல்முனைக்குடியில் இருக்கும் மாணவன் இரவில் வாசித்துவிட்டு மறுநாள் வகுப்புக்கு வரக்கூடிய காலம் இது. அதனைப் பாடநெறியின் உறுப்பாக்காமல், ஸூம் இணைப்பை அனுப்புவதோடு கலப்புமுறை நிறைவெய்திவிட்டது எனக் கருதுவது வாய்ப்பை வீணாக்குதலாகும்.

வீடும் வளாகமும்

எல்லாவற்றிலும் மேலாகச் சிந்திக்க வேண்டியது பெண்கல்வி பற்றியாகும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இன்று பெண்களே பெரும்பான்மையினர். கிழக்குக் கரையிலே மணமகன் மனைவியின் வீட்டிற் குடியேறுவதும், வீடு பெண்மக்களுக்குச் சீதனமாகச் சேர்வதும் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் நிலவும் வழக்கம். திருமணத்தின் பின்னரும் தாய் வீட்டிலோ அதன் அருகிலோ வாழும் பெண்ணுக்கு, எட்டும் தூரத்திற் பல்கலைக்கழகம் இருத்தல் பெரும் பேறு. பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வகுப்புக்குச் சென்று வருதல் இக்கரையில் ஓரளவு கைகூடுகின்றது.

ஆயின் அதே வீடு அவளிடம் கேட்கும் கடமைகளும் பல. வீட்டிலே அவள் முதலில் மகள், பின்னர் மனைவி, பின்னர் தாய், இவை எல்லாவற்றுக்கும் பின்னரே மாணவி. திரையின் முன் அமர்ந்திருப்பவளைப் படித்துக்கொண்டிருப்பவளாக வீட்டார் கொள்வதில்லை. வீட்டில் இருப்பவளாகவே கொள்கின்றனர். அழைத்த குரலுக்கு அவள் எழுந்து செல்ல வேண்டும். வளாகத்தில் அவள் மாணவி மாத்திரமே. அங்கே அவளுக்கு நூலகத்தில் ஓரிடம் உண்டு. வாதிடத் தோழியர் உண்டு. ஆசிரியரிடம் நின்று கேட்க நேரம் உண்டு. திரையிலேயே பட்டம் பெறலாம் என்றானபின், வளாகத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்ற கேள்வி சில வீடுகளில் எழும். பட்டம் மறுக்கப்படாது, வெளியே செல்லும் காரணமே மறுக்கப்படும். வசதி என வந்த ஏற்பாடு வேலியாக மாறுவது இவ்வாறே. வகுப்பறைப் பகுதி விருப்பத்துக்குரியதாக அன்றிக் கட்டாயமானதாக இருத்தல், இத்தகைய மாணவியருக்குச் சுமையன்று, பாதுகாப்பாகும்.

மறுப்புரைகள் சில

இவ்வாதத்துக்கு எதிராகக் கூறத்தக்கனவும் உள. பாடசாலை ஆசிரியராக வேலை செய்துகொண்டே பட்டப்பின் கற்கைநெறி பயில்வோர், கர்ப்பிணிகள், நோயுற்றோர், வெள்ளத்தால் வழி மறிக்கப்பட்டோர் ஆகியோருக்குக் கட்டாய வகுப்பு என்பது கதவை அடைப்பதற்குச் சமம் என்பது அவற்றுள் முதன்மையானது. இது நியாயமான மறுப்பு. இவர்களுக்கெனப் பதிவுசெய்த வகுப்பும் பிற்காலத்தில் ஈடுசெய்யும் அமர்வும் இருத்தல் வேண்டும். ஆயின் வர இயலாதோர்க்கு வழிவிடுதல் வேறு. வர இயலுமானோரையும் வராமற் பழக்குதல் வேறு. விதிவிலக்கின் பெயரால் விதியையே கைவிடலாகாது.

மண்டப விரிவுரையும் பெரும்பாலும் ஒருவர் பேசப் பலர் எழுதும் சடங்காகத்தானே இருந்தது, அதனைக் காப்பதால் என்ன பயன் என்பது மற்றொன்று. இதுவும் உண்மையே. இருநூறு பேர் அமர்ந்து குறிப்பெழுதும் மண்டபத்தை வகுப்பறையின் இலட்சியமாகக் கொள்வாரில்லை. அச்சடங்கை மண்டபத்திலிருந்து அகற்றுவதற்கே இணையம் துணைபுரிய வேண்டும். சொல்லத்தக்கது பதிவாகிவிட்டால், கூடும் நேரம் கேட்பதற்கும் மறுப்பதற்கும் விடுபடுகின்றது. அவ்வாறு விடுபட்ட நேரத்தைக் கூட்டத்துக்குப் பயன்படுத்தாமற் சேமிப்பாகக் கருதினால் மாத்திரமே இழப்பு நேர்கின்றது.

சேமிப்பு என்ற சொல் இன்னோர் ஆபத்தையும் சுட்டுகின்றது. ஒருமுறை பதிவான விரிவுரையை ஆண்டுதோறும் ஓடவிட்டு, ஓய்வுபெற்ற அல்லது நாட்டைவிட்டுச் சென்ற ஆசிரியரின் இடத்தை நிரப்பாது விடுதல் நிதி நெருக்கடிக் காலத்தில் நிருவாகத்துக்குக் கவர்ச்சியான வழியாகத் தோன்றக்கூடும். மாணவர் கட்டுரையைத் திருத்துவதற்கும் ஐயத்துக்கு விடையிறுப்பதற்கும் ஆள் இல்லாத பாடநெறி, எத்துணை அழகான பதிவுகளைக் கொண்டிருப்பினும், பழைய இலண்டன் வெளிவாரித் தேர்வின் புதிய பதிப்பேயன்றிப் பிறிதன்று. வேலையைப் பிரிக்கும் கலப்புமுறைக்கு ஆசிரியர் குறைவாகத் தேவைப்படுவதில்லை, அதிகமாகவே தேவைப்படுகின்றனர்.

முடிவுரை

எனவே எத்தனை வீதம் என்று கேட்குமுன் ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று வினாக்களை விடுத்தல் வேண்டும். மாணவர் திரும்பத் திரும்பக் கேட்கவும் வாசிக்கவும் வேண்டிய பகுதி யாது? அஃது இணையத்துக்குரியது, காணொளியினும் ஒலிப்பதிவும் எழுத்தும், ஆங்கிலத்தோடு தமிழும் அங்கே இடம்பெறல் வேண்டும். மாணவர் வாய்திறந்து பேசி, பிழைவிட்டு, திருத்தப்பட வேண்டிய பகுதி யாது? அது வகுப்பறைக்குரியது, அதிற் கைவைத்தலாகாது. வர இயலாதோர் யாவர்? அவர்களுக்குரிய வழி முன்கூட்டியே வகுக்கப்படல் வேண்டும். இம்மூன்றுக்கும் விடை கண்டபின் வீதம் தானே அமையும். அது பாடத்துக்குப் பாடம் வேறுபடும்.

கற்போர் கூடுவதற்கு இடமின்றித் தவித்த காலத்தில் எழுந்தது ஒலுவில் வளாகம். வெள்ளமும் கொள்ளைநோயும் மின்வெட்டும் அக்கூட்டத்தைக் கலைக்கும் வேளைகளில் இணையம் பாலமாக அமையட்டும். ஏனைய நாட்களில் மாணவரை வளாகத்துக்கு ஆயத்தமாக்கி அனுப்பும் வாசலாக அமையட்டும். வளாகத்துக்கு வர வேண்டியதில்லை எனச் சொல்லும் கருவியாக அதனை ஆக்கிவிடாதிருத்தல், பாடவிதானம் வகுப்போர் அனைவரினதும் பொறுப்பாகும்.